பத்தாவது ஒலி

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மவர் பழமொழி. இதனை வகுப்பிலே எத்தனையோ முறை மாணவருக்கு எடுத்துரைத்திருக்கின்றோம். கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்பாகவும் கொடுத்திருக்கின்றோம். ஆயினும் அதன் பொருளை நாமே கற்றுக்கொள்வதற்கு ஒரு பழைய கசெற்றும், ஒரு மாணவனும், மட்டக்களப்பு வாவியிலே இரண்டு இரவுகளும் வேண்டியிருந்தன. அந்த வரலாற்றை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது கல்லூரி இசை மன்றத்தார் ஆண்டுதோறும் “இது எந்த வாத்தியம்?” என்னும் போட்டியொன்றை நடாத்துவது வழக்கம். மண்டபத்திலே பத்து ஒலிகள் ஒலிக்கப்படும். ஒவ்வொன்றும் பத்து விநாடி நேரமே கேட்கும். கேட்டவுடன் வாத்தியத்தின் பெயரைத் தாளில் எழுதவேண்டும். இளமையிலே சிறிது வீணை பயின்றவர் என்ற ஒரே தகுதியால், தமிழாசிரியராகிய எம்மிடம் ஒலிகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு விடப்பட்டது. நாதஸ்வரம், வீணை, புல்லாங்குழல், கடம், முகர்சிங் என ஒன்பது ஒலிகளை இலகுவில் தேடிக்கொண்டோம். பத்தாவது சற்றுக் கடினமாயிருத்தல் வேண்டும் என்று எண்ணி, இசையறை அலுமாரியிலே கிடந்த பழைய கசெற்றுக்களைத் துழாவினோம்.

அவற்றுள் ஒன்றன்மேல் ஒட்டப்பட்டிருந்த தாள் நனைந்து, மை கரைந்து, “ஜல” என்ற இரண்டு எழுத்துக்கள் மாத்திரம் மிஞ்சியிருந்தன. போட்டுக் கேட்டபோது, நீண்டு இழையும் மெல்லிய நாதமொன்று எழுந்தது. பின்னணியிலே கடலை பொரிவதுபோலச் சடசடவென்ற இரைச்சல். பழைய நாடாவின் குறையென்று அதனைத் தள்ளினோம். “ஜல” என்றிருக்கின்றது, ஆகவே ஜலதரங்கம். இதிலே ஆராய என்ன இருக்கின்றது? நடுவிலே பத்து விநாடியை வெட்டியெடுத்து, விடைத்தாளில் “ஜலதரங்கம்” என்று எழுதி முடித்தோம்.

போட்டியன்று பெரும்பாலோர் பத்தாவது ஒலிக்கு வீணை என்றும், வயலின் என்றும், ஓர்கன் என்றும் எழுதியிருந்தனர். மூவர் ஜலதரங்கம் என்று எழுதிப் புள்ளி பெற்றனர். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் மாத்திரம், “இது வாத்தியமன்று; மட்டக்களப்பு வாவி” என்று எழுதியிருந்தான். ஏனைய ஒன்பதும் அவனுக்குச் சரி. பத்தாவதற்கு விளையாட்டாக எதையோ எழுதிவிட்டான் என்று நினைத்து, சிவப்பு மையினாற் குறுக்கே கோடிட்டோம். ஒரு புள்ளியால் முதற்பரிசு அவன் கையை விட்டுப் போயிற்று. பரிசு ஒரு சுருதிப்பெட்டி. அவன் வாய்ப்பாட்டுப் பயில்பவன் என்பதும், சொந்தமாகச் சுருதிப்பெட்டி இல்லாதவன் என்பதும் எமக்குப் பின்னரே தெரியவந்தன.

அடுத்தநாள் இடைவேளையில் அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். பரிசைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

“சேர், பத்தாவது சத்தம் எங்கட வாவியில கேக்கிறது. அது வாத்தியமில்லை.”

“நீர் அதை நேரிலே கேட்டிருக்கிறீரா, தம்பி?”

“ஓம் சேர். சின்ன வயசில அம்மப்பா தோணியில கூட்டிக்கொண்டு போனவர். துடுப்பில காதை வைச்சுக் கேட்டனான்.”

இவ்வளவும் சொல்லி, வணங்கிவிட்டுப் போய்விட்டான். வாதாடியிருந்தால் எமக்கும் வாதாடுவது எளிதாயிருந்திருக்கும். அவன் வாதாடாமற் போனமையே எம்மை வருத்தியது.

தலையில்லாத நாதம்

அன்று மாலை, பௌதிகம் கற்பிக்கும் நண்பரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டுத் தமது கணினியிலே ஓர் ஒலியை எழுப்பி, “இது என்ன வாத்தியம், சொல்லும் பார்ப்போம்” என்றார். ஆர்மோனியம் என்றோம். “நன்றாகக் கேளும்” என்றார். மீண்டுங் கேட்டு, ஆர்மோனியமே என்று அடித்துச் சொன்னோம். அவர் அந்த ஒலியை முதலிலிருந்து போட்டார். அது வீணை! தந்தியை விரல் மீட்டும் அந்தக் கணப்பொழுதை மாத்திரம் வெட்டி நீக்கிவிட்டு, மிச்சத்தை எமக்குப் போட்டுக் காட்டியிருக்கின்றார். பல ஆண்டுகள் வீணையை மடியில் வைத்திருந்த எமக்கு, தலை போன பின்பு அதனை அடையாளந் தெரியவில்லை.

ஒரு வாத்தியத்தை நாம் இனங்காண்பது அதன் நாதம் நீண்டு செல்லும் பகுதியால் மட்டுமன்று. அது பிறக்கும் கணத்தாலும் என்பதை நண்பர் விளக்கினார். வீணையின் மீட்டு, வயலினில் வில் பற்றும் உராய்வு, குழலில் மூச்சு முட்டும் சீறல் என்பன ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் நிகழ்ந்து முடிகின்றன. ஆனால் வாத்தியத்தின் முகவரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றது. 1964-ஆம் ஆண்டிலே சல்தானா, கோர்சோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், இசைப் பயிற்சி பெற்றவர்களுக்கே இவ்வாறு தலை வெட்டிய ஒலிகளைக் கேட்பித்துச் சோதனை செய்தபோது, அவர்களும் வாத்தியங்களைக் கூடுதலாகப் பிழைத்துச் சொன்னார்கள்.

“நீர் செய்த வேலை, ஆளின் தலையை மறைத்துவிட்டு ஆளை அடையாளங் காட்டச் சொன்ன வேலை. அது போகட்டும், ஜலதரங்கம் எப்படி வாசிக்கப்படுவது?” என்று நண்பர் கேட்டார்.

“நீர் நிறைத்த கிண்ணங்களைக் குச்சியாலே தட்டி...” என்று தொடங்கிய நாம் இடையிலே நின்றுவிட்டோம். தட்டினால் ஒவ்வொரு நாதமும் ‘டிங்’ என்று பிறந்து தேய்ந்து மறையும். பத்தாவது ஒலியிலே தட்டும் இல்லை, தேய்வும் இல்லை. ஈரவிரலாலே கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம்போல அது தொடர்ந்து இழைந்துகொண்டிருந்தது. கசெற்றின்மேல் இருந்த இரண்டு எழுத்துக்களை நம்பினோமேயன்றி, எமது காதை நாம் கேட்கவேயில்லை.

இருவருமாக அந்தக் கசெற்றை முதலிலிருந்து முடிவு வரை ஓடவிட்டோம். தொடக்கத்திலே ஒலி எதுவும் பதியாத வெற்று நாடா சிறிது ஓடியது. அங்கே சடசடப்பு இல்லை! ஆகவே அது நாடாவின் குறையன்று. ஒலி பதியப்பட்ட இடத்திலே இருந்த ஓசை. முடிவிலே, நாதம் அடங்கிய பின்பு, மரத்தோடு மரம் மோதும் ‘டொக்’ என்ற சத்தம். நீர் அலம்பும் சத்தம். யாரோ ஒருவர் இருமும் சத்தம். அரை மணி நேரம் பொறுமையோடு கேட்டிருந்தால் அறியக்கூடியதை, பத்து விநாடியிலே தீர்த்துவிட்டிருந்தோம்.

ஆனாலும் ஒரு தோணியின் சத்தம் மட்டக்களப்பு வாவிக்குச் சாட்சியாகாது. மாணவனின் விடையைச் சரியென்று சபையிலே சொல்வதானால், நாமே போய்க் கேட்டபின் சொல்வதுதான் முறை. வைகாசிப் பூரணை விடுமுறைக்கு அவன் வீட்டுக்குப் போகும்போது நாமும் நண்பரும் உடன் வருவதாகச் சொன்னோம். அவன் முகம் மலர்ந்தது.

மீன்பாடும் தேன்நாடு

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸிலே புறப்பட்டு, வவுனியா, பொலநறுவை, வாழைச்சேனை வழியாகச் சென்று விடியற்காலையில் மட்டக்களப்பிலே இறங்கினோம். ஊருக்குள் எப்பக்கந் திரும்பினாலும் நீர். வாவி 56 கிலோமீற்றர் வரை நீண்டு கிடக்கின்றது; கடலும் ஆறும் அதிலே கலப்பதால் உவர்ப்பும் நன்னீரும் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டிருக்கும். நகரின் நடுவிடமாகிய புளியந்தீவு உண்மையிலேயே ஒரு தீவு. அதன் ஓரத்திலே, 1628-ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டி, 1638-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, வாவியைப் பார்த்தவண்ணம் நிற்கின்றது. கல்லடிப் பக்கத்துக்குச் செல்ல ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம் ஒன்றும், 2013-இல் திறக்கப்பட்ட புதிய பாலம் ஒன்றும் அருகருகே உள்ளன. மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று அழைப்பது வழக்கம். இங்கே நிறுத்தப்பட்டிருக்கும் மீன்மகள் உருவங்களும் அந்தப் பெயரையே நினைவூட்டுகின்றன.

மாணவனின் அம்மப்பா எழுபது வயதைக் கடந்த மீனவர். வெயிலிலே கறுத்து வற்றிய தேகம்; பார்வையிலே ஒரு நிதானம். எம்மை அமரச் செய்து, சட்டி நிறைந்த எருமைத் தயிரும், சீனியும், வாழைப்பழமும் முன்னே வைத்தார். உண்டு முடியும்வரை வாவியைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. பின்பு நாம் வந்த காரணத்தைச் சொன்னோம். எமது தவற்றையும் மறைக்கவில்லை. பேரனுக்குப் புள்ளி கொடுக்காத வாத்தியார் இவர்தாம் என்று அறிந்தும் அவர் முகம் மாறவில்லை.

“சேர், நான் அறுபது வருசமா இந்த வாவியில வலை போடுறன். பாட்டைக் கேட்டிருக்கன், பாடுறவரைக் கண்டதில்ல. மீன் எண்டும் சொல்லுவாங்க, ஊரி எண்டும் சொல்லுவாங்க. முந்திக் கோட்டைத் துறையடியிலேயே கேக்கும். சண்டைக் காலத்தில ராவையில தோணி இறக்க ஏலாது. அப்ப பாடிச்சோ இல்லியோ, கேக்கிறதுக்கு ஒருத்தருமில்ல” என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மாத்திரம் அவர் குரல் தாழ்ந்தது.

அன்று பகலிலே கல்லடி உப்போடைக்குச் சென்று, சிவானந்த வித்தியாலய வளாகத்திலுள்ள விபுலானந்த அடிகளாரின் சமாதியை வணங்கினோம். 1892-ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்த அடிகளார், விஞ்ஞானப் பட்டதாரி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். வாத்தியத்தை இனங்காண்பது பற்றிப் பேசும் எவரும் அவரை நினையாதிருத்தல் இயலாது. நாம் செய்த பிழைக்கு நேர் எதிரான காரியத்தை அவர் செய்தார். பழந்தமிழரின் யாழ் வழக்கிழந்து, அதன் ஓசை எப்படியிருந்தது என்று சொல்வார் எவருமின்றிப் போன காலத்திலே, சிலப்பதிகாரத்தையும் உரைகளையும் துணைக்கொண்டு, நரம்புகளின் அளவையும் சுரங்களின் கணக்கையும் ஆராய்ந்து, அந்த வாத்தியங்களின் இயல்பைக் காட்டினார். 21 நரம்புடைய பேரியாழ் முதலாக 7 நரம்புடைய செங்கோட்டியாழ் வரை அவர் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல், 1947-ஆம் ஆண்டிலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். ஒலியே இல்லாமல் வாத்தியத்தைத் தேடினார் அவர். ஒலி கையிலிருந்தும் வாத்தியத்தைத் தவறவிட்டோம் நாம். இந்த வாவியின் இசையும் அவர் செவிக்குத் தப்பவில்லை. நிலாவொளியிலே வாவியிற் பாடும் நீரரமகளிரைப் பற்றி அவர் கவிதை புனைந்திருக்கின்றார். யாழின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து வந்த நாம், யாழை மீட்டுத் தந்தவரின் சமாதியிலே சற்று நேரம் பேசாது நின்றோம்.

முதலாம் இரவு

இரவு பத்து மணியளவில் தோணி புறப்பட்டது. முழுநிலா வாவியைப் பாலாக்கியிருந்தது. ஆனால் பகல் முழுதும் வீசிய கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. சிற்றலைகள் தோணியின் வயிற்றிலே தட்டிக்கொண்டிருந்தன. கல்லடிப் பாலத்துக்கு அண்மையிலே தோணியை நிறுத்தச் சொல்லி, துடுப்பை நீருக்குள் விட்டு, அதன் பிடியைக் காதோடு சேர்த்தோம். சிறிது நேரத்திலே ‘ம்ம்ம்’ என்று ஒரு நாதம் எழுந்தது! நாடி நரம்பெல்லாம் சிலிர்த்தன. “கேட்கிறது, கேட்கிறது!” என்று கூவிவிட்டோம்.

மாணவன் தயங்கித் தயங்கி, “சேர், மேல பாருங்கோ” என்றான்.

பாலத்தின்மேலே பாரமேற்றிய லொறியொன்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அது மறுகரையில் இறங்கியதும் நாதமும் நின்றது. பாலத்தின் தூண்கள் வழியே நீருக்குள் இறங்கிய இரைச்சல், துடுப்பின் வழியே எம் காதுக்கு ஏறியிருந்தது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம். கேட்கவேண்டும் என்ற ஆசை மிகுந்தால், காது எதையும் ஏற்றுக்கொண்டுவிடும் என்பது அன்று கற்ற இரண்டாம் பாடம்.

“காத்து விழல்ல, சேர். நாளைக்கு மறுகா வருவம்” என்று தோணியைத் திருப்பினார் பெரியவர்.

மறுநாள் பகலிலே, இந்த ஒலியை முன்னர் கேட்டவர்களைப் பற்றி நண்பரோடு பேசிக்கொண்டிருந்தோம். இலங்கையிலே காலனிச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், 1848-ஆம் ஆண்டு செப்தெம்பரிலே மட்டக்களப்புக்கு வந்து, மீனவரோடு தோணியிற் சென்று இதனைக் கேட்டார். 1859-இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலிலே அதனை விவரித்தும் இருக்கின்றார். ஈரவிரல் பட்ட கண்ணாடிக் கிண்ணத்தின் அதிர்வையே அவரும் உவமை காட்டுகின்றார். ஒரே நாதமாக அன்றி எண்ணற்ற சிறு நாதங்களாக அது இருந்தது என்றும், தோணியின் மரத்திலே காது வைத்தபோது பெரிதாகக் கேட்டது என்றும் அவர் கூறுகின்றார். மீனவர் இவ்வொலியை ஒருவகை ஊரியின் குரல் என்று சொல்லி, உயிருள்ள ஊரிகளைக் கொண்டுவந்து அவருக்குக் காட்டினர். அவரும் அக்கருத்தின் பக்கமே சாய்ந்தார். பின்னர் 1950-களிலே மட்டக்களப்பிலிருந்த அமெரிக்கக் குருவாகிய லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவுசெய்தார்; அது வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று.

இரண்டாம் இரவு

அன்றிரவு காற்று அடங்கிவிட்டது. நள்ளிரவு கடந்த பின்னரே பெரியவர் எம்மை எழுப்பினார். பாலத்தின் விளக்குகள் சிறு புள்ளிகளாகத் தேயும்வரை தோணியைச் செலுத்தினார். “நிலாக் காலத்தில மீன் வலையைக் கண்டிடும், அதால வலைக்காரர் குறைவு. வாவி அமைதியா இரிக்கும். இனிப் பேசாதீங்க” என்றார்.

துடுப்பை நீரிலே செங்குத்தாக நிறுத்திப் பிடியைக் காதிலே வைத்தோம். முதலிலே சடசடவென்ற பொரியல் ஓசை. கசெற்றிலே கேட்ட அதே ஓசை! நண்பர் இதனை எதிர்பார்த்திருந்தார். வெப்ப நாடுகளின் ஆழங்குறைந்த உவர்நீரிலே வாழும் சொடுக்கிறால்களின் சத்தம் அது என்று பின்னர் விளக்கினார். விரலளவே உள்ள அந்த இறாலுக்கு ஒரு கொடுக்கு மாத்திரம் பெரிது. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடிய ஒலிக்கருவிகளை இவற்றின் இரைச்சல் குழப்பியதுண்டு. கொடுக்கின் இரு பாதிகளும் மோதுவதாலேயே சத்தம் எழுகின்றது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000-ஆம் ஆண்டிலே விரைவுப் படக்கருவியால் ஆராய்ந்தபோதுதான், கொடுக்கு மூடும் வேகத்திலே நீரிற் பிறக்கும் குமிழி உடைவதே அந்தச் சத்தம் என்று தெரியவந்தது. சத்தம் போடுபவனைக் கையில் வைத்திருந்தும், அவன் வாத்தியம் எது என்பதை அறிய இத்தனை காலம் சென்றது.

கால் மணி நேரம் கழிந்திருக்கும். அந்தப் பொரியலுக்குக் கீழே, மிக மெல்லியதாக ஒன்று எழுந்தது. வெகு தொலைவிலே யாரோ தம்புராவை வருடிவிட்டாற்போல ஒரு நாதம்; அது அடங்குமுன் சற்று உயர்ந்த சுருதியிலே மற்றொன்று; பின்பு பல. தொடக்கம் எது, முடிவு எது என்று பிரித்தறிய முடியாதவாறு ஒன்றோடொன்று இழைந்தன. இம்முறை நாம் கூவவில்லை. பாலத்தை நோக்கினோம், அங்கே வண்டி எதுவும் இல்லை. துடுப்பை நீரிலிருந்து எடுத்தோம், நாதம் இல்லை. மீண்டும் விட்டோம், நாதம் இருந்தது. தோணி சற்றுத் தூரம் ஒதுங்கியதும் மறைந்தது. பழைய இடத்துக்கு வந்ததும் மறுபடி எழுந்தது. நண்பரும் கேட்டார், மாணவனும் கேட்டான். அவன் கண்ணை மூடிக்கொண்டு, சுருதி சேர்ப்பவனைப்போல் மெல்லத் தலையசைத்தான். நண்பர் தமது கைத்தொலைபேசியைத் துடுப்பின் பிடியோடு சேர்த்துப் பிடித்து அதனைப் பதிவுசெய்தார்.

காதுக்கு நேரே கேளாதது துடுப்பிலே கேட்பதேன் என்று வாசகர் வினவலாம். நீருக்குள்ளே ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் வேகத்திற் செல்கின்றது. காற்றிலே 340 மீற்றர் அளவே. நீரிற் பிறந்த ஒலி மேற்பரப்பை அடையும்போது, அதன் ஆற்றலிலே ஆயிரத்தில் ஒரு பங்களவே காற்றுக்குத் தப்பி வருகின்றது. மிச்சம் நீருக்கே திரும்பிவிடுகின்றது. துடுப்போ நீருக்குள்ளிருந்து நேரே செவிக்கு இடப்பட்ட மரப்பாதை. நமது முன்னோர் பௌதிகம் படியாமலே கண்டறிந்த கருவி அது.

பாடுபவர் யார்?

அப்படியாயின் பாடுபவர் யார்? மீன்களுட் பல ஒலியெழுப்பக்கூடியவை என்பதிலே ஐயமில்லை. வலையிலிருந்து எடுத்த கெளிறு தோணிக்குள்ளே கறகறப்பதை மீனவர் நன்கறிவர். அது செட்டையின் முள்ளை அதன் பொருத்திலே உராய்ந்து எழுப்பும் சத்தம். வேறு சில மீன்கள் வயிற்றுக்குள்ளேயுள்ள காற்றுப்பையை, அதனோடு ஒட்டிய தசைகளால் அதிரச் செய்து முழக்குகின்றன. உள்ளே காற்று, சுற்றிலும் தோல், அதனை அதிர்விக்கும் தசை என்றால், அது மத்தளத்துக்கு உறவினனாகிய ஒரு வாத்தியமே அல்லவா?

கலிபோர்னியாவிலே சோசலிட்டோ என்னும் ஊரில், 1980-களில், படகு வீடுகளில் வாழ்ந்தவர்கள் கோடைகால இரவுகளிலே ஓயாத முரல் ஒலியினால் உறக்கமிழந்தனர். நீரிறைக்கும் பொறியென்றனர் சிலர்; இராணுவத்தின் இரகசியச் சோதனையென்றனர் வேறு சிலர். ஈற்றிலே பிடிபட்டவன் ஒரு சிறு ஆண்மீன். கல்லின் அடியிலே கூடமைத்து, காற்றுப்பையின் தசையை விநாடிக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கச் செய்து, இணையை அழைத்துப் பாடிக்கொண்டிருந்தான். அங்கே பாடகனைக் கையோடு பிடித்துக் காட்டினார்கள். மட்டக்களப்பு வாவியிலோ, இந்த உயிரே இந்த நாதத்தை எழுப்பியது என்று எவரும் இன்னும் நிறுவிக் காட்டவில்லை. தெனன்ற் ஊரியென்றார், மக்கள் மீனென்கின்றனர். நீருக்குள் ஒலி விரைந்து பரவுவதால், அது வரும் திசையை மனிதச் செவி அறிவதும் அரிது. ஆகவே பாட்டு இருக்கின்றது. பாடகர் பெயர் மாத்திரம் வெற்றிடமாயிருக்கின்றது.

ஊர் திரும்பிய பின்பு, கசெற்றின் ஒலியையும் நண்பர் பதிந்த ஒலியையும் கணினியிலே அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். பொரியல் ஓசையும், இழைந்து எழும் நாதமும் இரண்டிலும் ஒத்திருந்தன. “ஜல” என்பதன் பின்னே எழுதப்பட்டிருந்தது எதுவாயினும், அது தரங்கம் அன்று என்பதிலே எமக்கு ஐயமிருக்கவில்லை.

விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திலே எழுந்து நின்று நடந்ததைச் சொன்னோம். நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியருக்கு, அறுநூறு மாணவர் முன்னே “நாம் பிழைவிட்டோம்” என்று சொல்வது இலகுவன்று. அந்த இரண்டு சொற்களுக்கு முன்னே தொண்டை இருமுறை அடைத்தது. ஜலதரங்கம் என்று எழுதிய மூவரின் புள்ளியையும் குறைக்கவில்லை. வினாவே பிழையாயிருந்தால் குற்றம் வினாவியவரைச் சாரும். அம்மாணவனுக்கு உரிய புள்ளியைக் கொடுத்து, முதற்பரிசை இருவருக்கும் உரியதாக்கினோம். இரண்டாவது சுருதிப்பெட்டியின் விலையை எமது சம்பளத்திலிருந்து கொடுத்தோம். தவறு எம்முடையதாயிற்றே.

பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தபோது அவனுடைய விடையின் சிறப்பு இன்னும் விளங்கிற்று. அவன் மீன் என்றும் எழுதவில்லை; ஊரி என்றும் எழுதவில்லை. தான் கேட்டது எவ்வளவோ அவ்வளவையே எழுதினான். அறிந்ததைச் சொல்வதும், அறிந்ததற்கு மேலே ஒரு சொல்லும் சொல்லாதிருப்பதும் கல்வியின் பெரும் பகுதி. அதனை அவன் தன் அம்மப்பாவிடம் கற்றிருக்கவேண்டும்.

குடும்பத்தோடு மட்டக்களப்புக்குச் செல்லும் வாசகர்கள் சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள முழுநிலா இரவுகளைத் தெரிந்துகொள்வது நன்று. வாவியை நன்கறிந்த மீனவரின் துணையோடு, காற்றடங்கிய பின்பு செல்லவேண்டும். பாலத்தை விட்டுத் தள்ளிப் போவதும் அவசியம். பிள்ளைகளின் கையிலே துடுப்பைக் கொடுத்து, என்ன கேட்கிறது என்று அவர்களையே சொல்ல விடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் கசெற் மறுபடியும் இசையறை அலுமாரியிலே இருக்கின்றது. பழைய தாளின்மேல் புதிய தாள் ஒட்டி, அம்மாணவனையே எழுதச் செய்தோம். “மட்டக்களப்பு வாவி. பாடுபவர்:” என்று எழுதி, அதன் பக்கத்திலே போதிய இடம் விட்டிருக்கின்றான்.